சின்ன வேலைதானே என்று பேசாமல் விடலாமா?



மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும். மொட்டை மாடியில் ஒழுகல், பாத்ரூமில் கசிவு, ஷாக் அடிக்கும் சுவிட்ச், உப்பிப்போன கதவு. வீடு கட்டுவதென்றால் இன்ஜினியரும் மேஸ்திரியும் பொறுப்பேற்பார்கள். இரண்டு நாள் வேலைக்கோ ஆள் கிடைப்பதே சிரமம். கிடைத்தவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க நாமும் மெனக்கெடுவதில்லை. வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்க, பெண்களே முன்னின்று வேலை வாங்கும் குடும்பங்களும் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களை மனதில் வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நம் அலுவலகத்துக்கு இரண்டு விதமான முறையீடுகள் வருகின்றன. "அட்வான்ஸ் வாங்கிப் போனவர் போனை எடுப்பதில்லை" என்பார் வீட்டுக்காரர். "வேலை முடிந்து ஒரு மாதமாகிறது, பாக்கி வரவில்லை" என்பார் தொழிலாளி. இருவரையும் உட்கார வைத்து விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிய வருகிறது. எவ்வளவு வேலை, எவ்வளவு கூலி என்று ஆரம்பத்தில் யாரும் பேசவில்லை. "நம்ம ஆளுதானே, பார்த்துக் கொடுங்க" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

கூலிக்கு வேலை கொடுப்பதை ஃபிக்ஹ் நூல்கள் 'இஜாரா' என்கின்றன. செய்ய வேண்டிய வேலையும் கொடுக்க வேண்டிய கூலியும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, தவணை வைத்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. ஆகவே, எழுதிக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. தெரிந்தவரிடம்தான் முதலில் எழுத வேண்டும். ஏனெனில் தகராறு வந்தால் பணத்தோடு உறவும் போகும்.

யாரை அழைப்பது?

அவர் முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளைக் கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். போன வாரம் முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மாடி ஒழுகலை அடைப்பவர் என்றால், ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மின் வேலைக்கு, தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனையே தேடுங்கள். மற்ற வேலைகளில் தவறினால் பணம் போகும். இதில் உயிரே போகலாம். கீஸருக்கும் வாஷிங் மெஷினுக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதை முதலில் போட்டுவிடுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் சப்ளை நின்றுவிட வேண்டும்.

என்ன எழுதுவது?

ஒரு நோட்டுத் தாள் போதும். உதாரணமாக: "பாத்ரூம் தரை டைல்ஸ், 40 சதுர அடி. பழைய டைல்ஸை உடைத்து அள்ளிப் போடுவதும் சேர்த்து. டைல்ஸ், சிமெண்ட், மணல் வீட்டுக்காரர் பொறுப்பு. கூலி இவ்வளவு. இத்தனை நாளில் முடிக்க வேண்டும். கசிந்தால் இத்தனை மாதத்துக்குள் வந்து சரி செய்ய வேண்டும்." இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உடைத்த குப்பையை யார் அள்ளுவது என்பதில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. அதை மறக்காமல் எழுதுங்கள். நடுவில் கூடுதல் வேலை சொன்னால், அதன் கூலியையும் அப்போதே அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது?

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். சாமான் வாங்க வேண்டுமென்றால், கடைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டி, உங்கள் பெயரில் பில் வாங்குங்கள். கூலியை வேலை நகர நகரப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பகுதியைச் சோதித்துப் பார்த்த பிறகு கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகையையும் தேதியோடு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூடுவதற்கு முன் பாருங்கள்

சுவருக்குள் போகும் குழாயில் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகே பூசச் சொல்லுங்கள். பூசும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும். மாடியில் வாட்டர்புரூஃபிங் செய்து அது நன்றாகக் காய்ந்ததும், மழைநீர்க் குழாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். சிமெண்ட் மூட்டையில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். பூச்சு வேலைக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது யார் பொறுப்பு என்பதையும் பேசிவிடுங்கள்.

பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில்

அண்ணனோ மாமாவோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ உடனிருக்கும் நேரமாகப் பார்த்து வேலையை வையுங்கள். வருபவர்களின் பெயரையும் போன் எண்ணையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விலை பேசத் தயக்கமாக இருந்தால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள்; நாங்கள் உடனிருந்து பேசித் தருகிறோம்.

நம் பக்கக் கடமை

நல்ல தொழிலாளி நம்மிடம் திரும்பி வருவது நாம் நடத்தும் விதத்தைப் பொறுத்தது. வேலை சரியாக முடிந்ததும் பேசிய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு பேரம் பேசுவதும், "நாளைக்கு வா" என்று அலைய வைப்பதும் ஹக்கைப் பறிப்பதாகும். அந்தக் கூலியை நம்பி அவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. குறை இருந்தால் ஊரெல்லாம் சொல்லும் முன் அவரிடமே சொல்லுங்கள்.

உங்களுக்கு நன்றாக வேலை செய்து கொடுத்தவர்களின் பெயர், தொழில், செய்த வேலை, முடித்த மாதம் ஆகியவற்றை அவர்களின் சம்மதத்தோடு நம் அலுவலக நோட்டில் பதியுங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் நேர்மையும் திறமையும் இருந்தால் போதும். தேவைப்படுவோர் வந்து பார்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன ஒப்பந்தத் தாளின் மாதிரியும் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.