சிறுநீர்ப்பையின் அவசரமும் அதனைப் பழக்கும் முறையும்

சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் நாம் அடிக்கடி காண்பதொன்று உண்டு. அங்கத்தினர் சிலர், சிறப்பாகப் பெண்கள், வாயிலருகே அமர்ந்து, வாக்கெடுப்புக்கு முன்னரே எழுந்து சென்றுவிடுகின்றனர். தறியிலும் வயலிலும் வேலையைப் பன்முறை நிறுத்துவோரும் உளர். காரணத்தை வெளியிட நாணுகின்றனர். அடக்கவொண்ணாத அவசரத்துடன் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதே அக்காரணம். இது குற்றமன்று, பெரும்பாலும் பழக்கத்தால் குறைக்கத்தக்க தொல்லையே.

சிறுநீர்ப்பை தசையாலான பை. வளர்ந்தவர்க்கு அது சுமார் 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். நிறையும்வரை அத்தசை தளர்ந்திருத்தல் இயல்பு. சிலருக்கோ, நிறையுமுன்பே அது தானாகச் சுருங்குகிறது. அதனால் திடீர் அவசரமும், சிலவேளை கசிவும், இரவில் விழிப்பும் உண்டாகின்றன.

இனிச் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, கணக்கு. பருகிய நீர், கழித்த நேரம், கசிவு ஆகியவற்றை மூன்று நாட்கள் குறித்து வருக. நாள்வழிக் கணக்கின்றிச் சங்கத்தின் நிலை விளங்காதவாறே, இக்குறிப்பின்றி உடலின் நிலையும் விளங்காது.

இரண்டாவது, இடைவெளி. மணிக்கொருமுறை செல்பவர் முதல் வாரம் ஒன்றேகால் மணி பொறுக்க. வாரந்தோறும் 15 நிமிடம் கூட்டினால் எட்டு வாரங்களில் மூன்று மணியை எட்டலாம். அவசரம் எழுந்தால் ஓடற்க. அசையாதிருந்து, சிறுநீரை அடக்கும் அடித்தசைகளை ஐந்தாறு முறை விரைந்து இறுக்கித் தளர்த்துக. அவசரம் தணிந்தபின் நடந்து செல்க.

மூன்றாவது, பயிற்சி. அதே தசைகளை வேளைக்கு 8 முறையாக, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் இறுக்கிப் பழகுக.

நான்காவது, உணவு. தேநீரையும் காப்பியையும் குறைக்க, மலச்சிக்கலை நீக்குக. ஆனால் தண்ணீரை நிறுத்தற்க. நீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து பையை மேலும் உறுத்தும். உறங்குவதற்கு இரண்டு மணி முன்பாக மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், மிகுந்த தாகம் ஆகியவை இருப்பின் முதலில் மருத்துவரைக் காண்க. சிறுநீர் தடைப்படும் முதியவரும் அவ்வாறே செய்க. சிறுநீர் அடியோடு நின்றாலும், கால்கள் திடீரென வலுவிழந்தாலும் அன்றே மருத்துவமனை செல்க. பயிற்சியால் தீராதார்க்கு மருந்துகளும் உள.

சங்கங்களுக்கும் கடமையுண்டு. தறிக்கூடத்தருகே கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாமையாலேயே பெண்கள் பலர் நாள்முழுதும் நீர் பருகாதிருக்கின்றனர். அங்கத்தினர் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது நம் இயக்கத்தின் அடிப்படை. கழிப்பறையின்மையால் அவ்வாக்கை எவரும் இழக்கலாகாது. அடுத்த நிர்வாகக் குழுவிலேயே இதற்குத் தீர்மானம் கொணர்க.