வாவிக்கரை இறால் பண்ணையில் எரிபொருட்கலமும் பற்றரியும்: அளவெடுப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவிக்கரை இறால் பண்ணைக்கு மின்சாரம் அதிகம் வேண்டியிருப்பது இரவில்தான். பகலில் பாசி வெளியிடும் ஒட்சிசன் பொழுது சாய நின்றுவிடும். விடியற்காலையில் குளத்து நீரில் அது மிகக் குறையும். அதனால் ஏரேட்டர்கள் இரவிரவாக ஓடவேண்டும். ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருட்கலமோ சீராக ஓடினால்தான் நெடுநாள் உழைக்கும். திண்ம ஒட்சைட்டு வகை 600 பாகை செல்சியசுக்கு மேல் இயங்குவதால், அடிக்கடி நிறுத்தித் தொடக்கினால் அதன் பீங்கான் அடுக்குகள் விரிசல் விடும். 60 முதல் 80 பாகையில் இயங்கும் மென்சவ்வு வகை விரைவில் தொடங்கும். ஆனாலும் சுமை ஏறி இறங்கினால் ஆயுள் குறையும். ஆகவே சராசரித் தேவையைக் கலம் தரட்டும், ஏற்ற இறக்கத்தைப் பற்றரி தாங்கட்டும்.

முதலில், மீற்றரை ஒரு வாரம் மணிக்கு மணி குறித்துக்கொள்ளுங்கள்; மாதப் பட்டியல் இதற்கு உதவாது. பகலும் முன்னிரவுமாக 16 மணிநேரம் 4 கிலோவாற்றும், பின்னிரவில் 8 மணிநேரம் 10 கிலோவாற்றும் தேவை என்று கொள்வோம். நாளுக்கு 144 அலகு. இரண்டாவதாக அதை 24ஆல் வகுத்தால் 6. பற்றரியில் போய்வருகையில் வீணாகும் பத்திலொரு பங்கையும் சேர்த்தால் கலத்தின் அளவு 6.2 கிலோவாற்று. மூன்றாவதாக, பின்னிரவுத் தேவையான 10இல் கலம் தரும் 6.2 போக, மணிக்கு 3.8 அலகு வீதம் 30.4 அலகு குறையும். பற்றரியின் 80 வீதத்தையே பயன்படுத்துவதானால் 38 அலகுப் பற்றரி வேண்டும். நான்காவதாக, நேரடியாகத் தொடக்கும் மோட்டார் வழமையைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தொடக்கி, இன்வேட்டரை அதற்கேற்பத் தெரிவுசெய்யுங்கள். ஐந்தாவதாக இடம்: கலத்துக்குள் போகும் காற்றில் உப்பு சேராதபடி வடிகட்டி, மாரி வெள்ளம் எட்டாத மேடை, ஐதரசன் மேலெழுந்து வெளியேறத் திறந்த கூரைமுகடு.

ஐதரசனுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானதே. 1 கிலோவில் 33.3 அலகு ஆற்றல் உண்டு. பாதி மின்சாரமானாலும் இப்பண்ணைக்கு நாளுக்கு 9 கிலோ வேண்டும். வழமையான உருளையொன்று முக்கால் கிலோகூடக் கொள்ளாது. தினமும் 12 உருளைக்கு மேல் ஏற்றியிறக்கக் கட்டாது. சூரிய மின்சாரத்தில் அங்கேயே தயாரிக்கலாமே? விசாகப்பட்டினத்தை அடுத்த சிம்மாத்ரியில் இந்தியாவின் என்டிபிசி நிறுவனம் 2021இல் அறிவித்த திட்டம் அத்தகையது: 240 கிலோவாற்று மின்பகுப்புக் கருவி, 50 கிலோவாற்றுக் கலம், மாலை 5 முதல் காலை 7 வரை மின்சாரம். ஆனால் ஐதரசன் வழியே போய்வரும் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்களவே மிஞ்சும். பற்றரியில் பத்தில் ஒன்பது மிஞ்சும். ஓர் இரவுச் சேமிப்புக்குப் பற்றரியே மலிவு.

அப்படியானால் சூரியத்தகடும் பற்றரியும் மட்டும் போதாதா? கார்த்திகை, மார்கழி மழையில் வெயில் நாட்கணக்கில் மறையும். அத்தனை நாளுக்கும் பற்றரி வாங்குவது வீண்செலவு. அதனால் சீராக ஓடும் இரண்டாவது மூலம் தேவை. இன்றைக்கு அந்த இடத்தில் டீசல் ஜெனரேட்டரை வையுங்கள். பற்றரி இருப்பதால் 10 கிலோவாற்றுக்குப் பதில் ஏறத்தாழ 6 கிலோவாற்றுச் சுமையில் அது சீராக ஓடும். கலத்துக்கு மாறும் வேளையை விலை சொல்லும். டீசல் 1 லீற்றருக்குச் சுமார் 3 அலகும், ஐதரசன் 1 கிலோவுக்குச் சுமார் 16 அலகும் கிடைக்கும். பண்ணை வாசலில் ஐதரசன் கிலோவின் விலை டீசல் லீற்றர் விலையின் ஐந்து மடங்குக்குக் கீழே வந்தால், கலத்துக்கு விலைமனு கேட்கலாம். அன்றைக்கும் பற்றரி மாறாது.