நோவில்லாத இதயக் குறை

உடலில் நோவு இருந்தால்தான் நோய் உண்டு என்பது நம்மில் பலருடைய எண்ணம். இதயத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. வேலையில் சேருமுன் நடக்கும் மருத்துவச் சோதனையில், "இதயத்தில் ஒரு குறை இருக்கிறது" என்று கேட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு. அத்தகைய குறை ஒன்றை இங்கே காண்போம்.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் இரத்தம் பாய்கிறது. அது திரும்பி வராமல் காக்கும் வால்வுக்கு இயல்பாக மூன்று இதழ்கள் உண்டு. நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தாம் அமைகின்றன. இளமையில் இது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, சுண்ணச்சத்து படிந்து வால்வின் வாய் குறுகலாம். இதழ்கள் சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசியலாம். சிலருக்குப் பெருந்தமனியும் விரிவடையலாம். கூடுதல் சுமையை இதயத்தசை தாங்கிக்கொள்வதால் நெடுங்காலம் மூச்சுத் திணறலோ மார்வலியோ தோன்றுவதில்லை.

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் வேறுபட்ட ஓசையே பலருக்கு முதல் தடயம். அதனை உறுதிசெய்வது எக்கோ சோதனை. செவிக்கெட்டாத ஒலியலைகளால் இதயத்தை ஆராயும் இம்முறையை 1953இல் ஸ்வீடன் நாட்டில் எட்லர், ஹெர்ட்ஸ் ஆகிய இருவரும் தொடங்கி வைத்தனர்.

உடற்கட்டுக் கலையில் உலகப் புகழ்பெற்ற அர்னால்டு சுவார்ஸ்நெகருக்கும் இக்குறை இருந்தது. நோவு ஏதுமில்லாத நிலையிலேயே 1997இல் அவர் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 2003இல் கலிபோர்னியாவின் ஆளுநரானார். 2018இல் மீண்டும் ஒரு வால்வு மாற்றப்பட்டது. கட்டுடல் நோய்க்குக் கவசமன்று. நோய் வாழ்வுக்கு முற்றுப்புள்ளியுமன்று.

இச்செய்தி கேட்டவர் இரு வழிகளில் தவறலாம். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்று மருத்துவரை மறப்பது ஒன்று. மாடிப்படி ஏறவும் அஞ்சி, படிப்பையும் வேலையையும் விட்டு முடங்குவது மற்றொன்று. இரண்டும் வேண்டா. குறையின் பெயர் என்ன, எந்த அளவில் உள்ளது, அடுத்த சோதனை எப்போது, எவ்வகை உடற்பயிற்சி செய்யலாம் என்ற நான்கையும் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல், புகையை விலக்கல், பல் தூய்மை ஆகியவை இன்றியமையாதன. ஈறு வழியே நுழையும் கிருமிகள் வால்வைத் தாக்கக்கூடும். இக்குறை குடும்பத்தில் தொடர்வதுண்டாதலால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சத்தை மனத்துள் பூட்டி வைக்காமல் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். சோதனைக்கு முதல்நாள் துடித்த அதே இதயந்தான் மறுநாளும் துடிக்கிறது. புதிதாக வந்தது அதைப்பற்றிய அறிவே. அவ்வறிவைக் காவலாகக் கொள்வோம்.