தொண்டைநோவும் மல்லித்தண்ணியும்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு வீடுகளில் தொண்டைநோவுக்கு முதலில் அடுப்பேறும் மல்லித்தண்ணி, கொத்தமல்லியை வறுத்து, வேர்க்கொம்பு எனப்படும் உலர்ந்த இஞ்சியைத் தட்டிப் போட்டு, நீர் பாதியாக வற்றும்வரை அவித்து வடித்து, பனங்கட்டியைக் கடித்தபடி குடிக்கும் கசாயமாகும். (பனங்கட்டி மருந்தன்று, ஆயினும் அதுவின்றிப் பிள்ளைகள் குடிப்பது அரிது.)

வேர்க்கொம்பின் காரப்பொருள்கள் ஆய்வுகூடச் சோதனைகளில் அழற்சியை, அதாவது வீக்கமும் நோவும் சேர்ந்த உடலின் எதிர்வினையை, தணித்துள்ளன எனினும், அவை தொண்டைநோவை மாற்றும் என்பதற்கு மனிதரிடையே வலுவான சான்று இல்லை. சூட்டுக்கோ ஓரளவு சான்று உண்டு: தடிமன் பிடித்த 30 பேரிடம் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பழப்பானம் சூடாகக் கொடுக்கப்பட்டபோது தொண்டைநோ தணிந்தது, அதே பானம் அறைவெப்பநிலையில் அந்தப் பயனைத் தரவில்லை. ஆகவே மல்லித்தண்ணியை ஆறவிடாது, நாவைச் சுடாத சூட்டில் மெல்ல மெல்லக் குடிப்பதே முறை.

பெரும்பாலான தொண்டைநோ வைரசால் வந்து ஒரு வாரத்துள் தானே மாறும். ஆனால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் பற்றீரியாத் தொற்றைக் கவனியாது விட்டால், இதய வால்வுகளைத் தாக்கும் வாதக்காய்ச்சல் பின்னர் வரக்கூடும் என்பதால், கடுங்காய்ச்சலோ விழுங்க முடியாமையோ கழுத்தில் நெறிகட்டுதலோ கண்டால், கசாயத்தை நம்பியிராது தீவின் வைத்தியசாலைக்கு அன்றே செல்ல வேண்டும்.