வடிவத்துக்குள் வாசகம்: ஆல்பம் டிசைனர்களுக்குக் கைவசம் இருக்கவேண்டிய ஒரு வேலை

ஆல்பம் டிசைன் வேலைக்கு வருகிறவர்கள் படத்தை வெட்டவும் நிறம் திருத்தவும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். ரெடிமேட் பிஎஸ்டியில் முகங்களை மாற்றி ஷீட்டை முடித்தும் விடுகிறார்கள். ஆனால், பத்து வரித் தமிழ் வாசகத்தை ஓர் இலை வடிவத்துக்குள்ளோ விளக்கு வடிவத்துக்குள்ளோ படிக்கும்படி அமைத்துத் தரச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். அந்த இடத்தில் கை தேறியவருக்கு வேலை தனியாகவே வரும். அறுபதாம் கல்யாணம், பணி நிறைவு, குழந்தையின் முதல் பிறந்தநாள் ஆகிய ஆல்பங்களுக்குப் படம் மட்டும் போதாது, கதையும் வேண்டும்.

டிஜிட்டல் ஸ்கிராப்புக்கில் அந்தக் கதைக்கு ஜர்னலிங் என்று பெயர். யார், எங்கே, எப்போது, அன்று என்ன பேசினார்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவைப்பது. அதை ஒரு வடிவத்தின் உள்ளே ஓடவிடும்போது கதையும் அலங்காரமும் ஒன்றாகிவிடும். இதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: இடம் போதவில்லை என்றால் சொல்லைத் திருத்துங்கள், எழுத்தை நெருக்காதீர்கள்.

இது புது விதி இல்லை. ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலக் கவிஞரின் சிறகு வடிவக் கவிதை 1633இல் அச்சானது. வரிகள் குறுகிக் குறுகி மீண்டும் விரியும்படி அவர் எழுதியதால்தான் சிறகு உருவானது. நம் தமிழ்ச் சித்திரகவிகளில் பாம்பும் தேரும் அப்படித்தான் அமைந்தன. நாகபந்தமும் ரதபந்தமும் எழுதியவர்கள் கட்டத்துக்கு ஏற்ற எழுத்தைத் தேடினார்களே தவிர எழுத்தை இழுத்துச் சப்பையாக்கவில்லை.

கருவி: அரை மணி நேரப் பாடம்

ஃபோட்டோஷாப்பில் பேனாக் கருவியாலோ ஷேப் கருவியாலோ, 'பாத்' நிலையில், மூடிய வடிவம் ஒன்றை வரையுங்கள். எழுத்துக் கருவியை அதன் உள்ளே கொண்டுபோனால் கர்சரைச் சுற்றி ஒரு புள்ளி வட்டம் தெரியும். அப்போது கிளிக் செய்தால் வாசகம் உள்ளே நிரம்பும். கோட்டின் மேலேயே கிளிக் செய்தால் வாசகம் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். இரண்டும் வெவ்வேறு வேலை. குழப்பிக்கொள்ளாதீர்கள். கீழ் மூலையில் கூட்டல் குறி தெரிந்தால் வாசகம் வழிகிறது, கடைசி வரிகள் மறைந்திருக்கின்றன என்று பொருள்.

இன்டிசைனில் எந்த வடிவமும் எழுத்துச் சட்டமாகும். செலவில்லாமல் பழக விரும்பினால் இங்க்ஸ்கேப்பில் வடிவத்தையும் வாசகத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'ஃப்ளோ இன்டு ஃபிரேம்' கொடுங்கள். ஸ்கிரைபஸிலும் சட்டத்தின் விளிம்பை விருப்பப்படி வளைக்கலாம்.

தமிழுக்கு முன்கூட்டியே பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. 'கொ' என்று தட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், மென்பொருள் தமிழைக் கோக்கும் நிலையில் இல்லை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில், எழுத்துக்கான பக்கத்தில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' அல்லது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இன்டிசைனில் பத்திக்கு 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைக் கொடுக்கவேண்டும்.

தமிழ் கேட்கும் இடம் வேறு

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் ஆங்கில வாசகத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. ஆங்கிலச் சொற்கள் பொதுவாகச் சிறியவை, குறுகிய இடத்திலும் மூன்று நான்கு அடங்கிவிடும். தமிழில் 'எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே சொல்லில் 17 எழுத்து. அது இதயத்தின் கூர்முனையில் வந்து விழுந்தால் மேல் வரியில் பாதி காலியாகும், அடுத்த வரி பிதுங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் 12 புள்ளி எழுத்து, வரிக்கு 20 புள்ளி இடைவெளி. நேர்க்கணக்கில் 18 வரி வரும். நடுவரிக்கு முழு 5 அங்குலம் கிடைக்கும், நான்கைந்து சொல் தாராளமாக உட்காரும். உச்சியிலிருந்து 20 புள்ளி இறங்கிய இடத்தில் அகலம் 2.3 அங்குலம்தான். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் ஓரிரு சொல்லே மிஞ்சும். ஆகவே உச்சியையும் அடியையும் காலியாக விட்டு, அங்கே ஒரு சிறு பூவையோ தேதியையோ வையுங்கள். வாசகம் இரண்டு மூன்று வரி இறங்கியே தொடங்கட்டும்.

அடுத்தது சீர்செய்தல். இரு ஓரமும் நேராக நிற்கும் 'ஜஸ்டிஃபை' வடிவத்தைப் பளிச்சென்று காட்டும் என்பது உண்மைதான். தமிழில் அதற்குக் கொடுக்கும் விலை, நடுவில் ஆறு போல ஓடும் வெள்ளை இடைவெளிகள். வட்டம், இதயம், குத்துவிளக்கு மாதிரி இருபக்கமும் ஒத்த வடிவம் என்றால் நடுச்சீராகப் போடுங்கள். ஓரங்கள் கொஞ்சம் பிசிறும். வடிவத்தைக் காட்டும் பொறுப்பை எழுத்திடமிருந்து வாங்கி நிறத்திடம் கொடுத்துவிடுங்கள்: அதே வடிவத்தை வெளிர்நிறத்தில் அடியில் ஒரு லேயராக வைத்தால் போதும், கண் முழு உருவத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஜஸ்டிஃபை கட்டாயம் என்றால் அதன் அமைப்பில் சொல் இடைவெளியை மட்டும் தளர்த்துங்கள். எழுத்து இடைவெளியைத் தொடவேண்டாம். கொம்பும் துணைக்காலும் தம் எழுத்தைவிட்டு விலகினால் படிப்பவர் தடுக்கி நிற்பார். வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் நிற்பது அச்சுக்கோப்பில் பழகியவர்கள் யாரும் செய்யாதது.

வடிவம் எந்தப் பக்கம் வளையவேண்டும் என்பதை யாரும் கற்றுத்தருவதில்லை. ஒரு வரி முடிந்ததும் கண் இடப்பக்கம் திரும்பி அடுத்த வரியைத் தேடுகிறது. அந்த ஓரம் ஒவ்வொரு வரிக்கும் இடம் மாறினால் பத்து வரிக்குள் களைப்பு வந்துவிடும். எனவே நீண்ட வாசகம் என்றால் இடப்பக்கம் நேராக இருக்கட்டும், வலப்பக்கம் மட்டும் வளையட்டும். பாட்டியின் பக்கவாட்டு முகத்தை வலப்புறம் வைத்து, நெற்றி, மூக்கு, முகவாய் வழியே வரிகள் முடியும்படி பாதை வரைந்தால் அதைவிட அழகான பக்கம் கிடையாது.

கோட்டின் மேல் ஓடும் எழுத்து, பெயருக்கும் தலைப்புக்கும் மட்டும். பத்திக்கு வேண்டாம். கிண்ணம் போல் கீழே தொங்கும் வளைவில் எழுத்துகளின் தலைகள் நெருங்கும், மெய்ப்புள்ளியும் இகர விசிறியும் ஒன்றோடொன்று மோதும். வில் போல் மேலே எழும் வளைவில் பாதங்கள் நெருங்கும், து, று, கூ எல்லாம் இடிக்கும். எழுத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்காவது ஆரம் இருக்கும்படி வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் குறையும்.

எழுத்துருவில் ஆடம்பரம் வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கேட்டமரன் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. கையெழுத்துச் சாயல் வேண்டுமானால் கவிவனார் இருக்கிறது. மெல்லிய எழுத்தைக் கருப்புப் பின்னணியில் வெள்ளையாகப் போடாதீர்கள். அச்சில் ண, ணை போன்ற எழுத்துகளின் சுழி அடைந்துவிடும்.

சொல்லை வாங்குவதும் திருத்துவதும்

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரின் அறுபதாம் கல்யாண ஆல்பம் என்று வைத்துக்கொள்வோம். மகள் வாட்ஸப்பில் அனுப்புவது இப்படி இருக்கும்: 'எங்கள் அன்புத் தந்தையார் தம் வாழ்நாள் முழுவதையும் குடும்பத்தின் நலனுக்காகவே அர்ப்பணித்துக்கொண்டிருந்தார்.' இது யார் அப்பாவுக்கும் பொருந்தும், எந்த வடிவத்துக்குள்ளும் அடங்காது. 'அப்பா வேலைக்குக் கிளம்புற காலை எப்படி இருக்கும்மா? ரெண்டு நிமிஷம் பேசி அனுப்புங்க' என்று கேளுங்கள். பதில் இப்படி வரலாம்: 'முதல் வண்டி நாலரைக்கு. மூணு மணிக்கே எழுந்திடுவாரு. எங்களை எழுப்பாம, கதவை மெல்லச் சாத்திட்டுப் போவாரு.'

சின்னச் சின்னச் சொற்கள், ஒவ்வொரு வரியிலும் ஒரு காட்சி. டிக்கெட் வடிவத்துக்குள் தானாகவே உட்காரும். பேச்சுத் தமிழை அப்படியே விடுங்கள், அந்த வீட்டின் குரல் அதில்தான் இருக்கிறது. எழுத்துத்தமிழில்தான் வேண்டும் என்று குடும்பம் சொன்னாலும் வழி உண்டு: 'சென்றுகொண்டிருந்தார்' என்பதைப் 'போவார்' என்றும், 'வந்துசேர்ந்தவுடனேயே' என்பதை 'வந்ததும்' என்றும் மாற்றினால் கருத்து குறையாமல் இடம் மிஞ்சும். மாற்றியதைக் கட்டாயம் அவர்களிடம் காட்டுங்கள். அது அவர்கள் அப்பாவைப் பற்றிய வாசகம்.

பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்றத்தில் வாசகம் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு கண்ணால் ஒருமுறை தேடவேண்டிய இடங்கள் இரண்டு. 'கௌரி' என்பது 'கெளரி' ஆகியிருக்கும், துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் அகப்படும்.

லேபுக்குப் போகும் முன்

12க்கு 36 அங்குல ஷீட் 300 பிக்சல் செறிவில் 3,600க்கு 10,800 பிக்சல். நடு மடிப்பு 18ஆவது அங்குலத்தில் விழும். அதன் இருபுறமும் அரை அங்குலம் எழுத்தில்லாமல் விடுங்கள், வெட்டு ஓரத்திலும் அப்படியே. எழுத்து 12 புள்ளிக்குக் கீழே போகவேண்டாம். வயதானவர்களுக்கான ஆல்பம் என்றால் 14. ஆஃப்செட் அச்சுக்குப் போகும் பக்கமானால் சிறிய எழுத்துகளைக் கருப்பு மையில் மட்டும் வையுங்கள். நாலு நிறமும் கலந்த கருப்பு இம்மியளவு நகர்ந்தாலும் ஓரம் மங்கும்.

புரூஃப் அனுப்பும்போது முழு ஷீட்டை மட்டும் அனுப்பினால் யாரும் வாசகத்தைப் படிக்கமாட்டார்கள். வாசகப் பகுதியை மட்டும் பெரிதாக வெட்டி, கீழே அதையே எழுத்தாகவும் தட்டி அனுப்புங்கள். பெயர், இனிஷியல், தேதி, உறவுமுறை நான்கையும் அவர்கள் 'சரி' என்று எழுதித் தரட்டும். பெயருக்கு ஆதாரம் அழைப்பிதழ்தான். அதில் 'இராமசாமி' என்று இருந்தால் ஆல்பத்திலும் இராமசாமிதான். சித்தப்பாவைப் பெரியப்பாவாக்கினால் அச்சுச் செலவோடு உங்கள் பெயரும் போகும்.

கூலி பேசும்போது ஷீட் கணக்கில் இதை மறைத்துவிடாதீர்கள். வாசகம் கேட்டு வாங்குவது, திருத்துவது, வடிவத்தில் அமைப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனி வரியாகப் போடுங்கள். எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். ஸ்டூடியோவில் வேலை கேட்கப் போகிறவர்கள் மாதிரிப் பக்கங்களில் ஒன்றையாவது இப்படித் தயாரித்துக் கொண்டுபோகலாம்: ஒரே வாசகம், வட்டத்தில் ஒன்று, முகத்தோரமாக ஒன்று, பக்கத்தில் குடும்பம் முதலில் அனுப்பிய மூல வரிகள். கேட்கிறவருக்கு உங்கள் வேலை எது என்று விளக்கவே வேண்டியிருக்காது.

லேபுக்கு ஜேபெக் கொடுத்த பிறகும் எழுத்து லேயர் உயிரோடு இருக்கும் பிஎஸ்டியை அழிக்காதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு இன்னொரு பிரதி வேண்டும், அதில் போன மாதம் பிறந்த பேத்தியின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று தொலைபேசி வரும். அப்போது சேர்க்கவேண்டியது அந்த ஒரு சொல் மட்டுமாக இருக்கும்.