படியெடுத்துப் பயிலும் ஓவியம்

முன்னோர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து அவ்வாறே தீட்டுதல் திருட்டன்றோ எனச் சிலர் வினவுவர். பிறர் படைப்பைத் தமதெனக் கூறுதலே திருட்டு. கற்கும்பொருட்டுப் படியெடுத்தல் பயிற்சியாகும். ஐரோப்பிய ஓவியர் பலர் இவ்வழியே கைத்திறம் பெற்றனர்.

இத்தாலி நாட்டு ஓவியர் இரபேல், 1514–15ஆம் ஆண்டுகளில் தம் நண்பர் காஸ்டிலியோனே என்பாரின் உருவத்தை எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். கறுப்பும் சாம்பலும் வெண்மையுமே அதில் மிகுதி. ஆயினும், அந்நீலக் கண்களின் அமைதி காண்பார் உள்ளத்தைப் பிணிக்கும். அப்படம் இன்று பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதனைப் படியெடுக்கப் புகும் மாணவன் செய்வன யாவை? முதற்கண் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெண்பூச்சிட்டு, அதன்மேல் மெல்லிய பழுப்பு நிறம் தடவுவான். பின்னர்த் தலை, தோள், கை ஆகியவற்றின் அளவுகளை ஒப்பிட்டுக் கோட்டுருவம் வரைவான். அடுத்து, பழுப்பும் வெண்மையும் கொண்டே நிழலையும் ஒளியையும் வகுப்பான். நிறங்களை அதன்பின்னரே சேர்ப்பான்.

ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி மெல்ல இறுகுவது. ஆதலின், அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். இம்முறை பிறழின், நாளடைவில் மேற்பூச்சு வெடிக்கும்.

வெறுமனே பார்ப்பவனுக்கு ஆடை முழுதும் ஒரே கறுப்பாகத் தோன்றும். தூரிகை ஏந்தியவனோ, மடிப்புக்கு மடிப்பு அக்கறுப்பு வேறுபடுதலைக் காண்பான். கண்ணைப் பழக்குதலே படியெடுத்தலின் முதற்பயன்.

ரூபன்ஸ் என்னும் பேரோவியர் இப்படத்தை எண்ணெய் வண்ணத்திலேயே படியெடுத்தார். 1639ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் இது 3,500 கில்டருக்கு ஏலம் போயிற்று. ஆண்டிருந்த ரெம்பிராண்ட் மைக்கோல் கொண்டு இதனை விரைந்து வரைந்து, விலையையும் அருகில் குறித்துக்கொண்டார். மறு ஆண்டில் அவர் தம் உருவத்தையே தீட்டினார். இரபேலிடமும் தீசியனிடமும் கண்ட அமைப்பு அதில் விளங்குகின்றது. ஆனால், முகமும் ஒளியும் ரெம்பிராண்டுக்கே உரியவை.

1793ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லூவரில், இசைவு பெற்றோர் இன்றும் படியெடுக்கலாம். ஆனால், படி மூலத்தின் அளவினதாக இருத்தல் கூடாது. மூல ஓவியரின் கையொப்பத்தை இடுதலும் ஆகாது. பயிற்சி போலியாக மாறாவண்ணம் காப்பதே இவ்விதிகளின் நோக்கம்.

முன்னோர் அடிச்சுவட்டைப் பற்றி நடந்து வழியறிந்தவன், பின்னர்த் தன் கால்களாலேயே தன் வழியில் செல்லுதல் வேண்டும். இஃது ஓவியத்திற்கு மட்டுமன்று, எல்லாக் கல்விக்கும் பொருந்தும்.