பணம் வாங்கப் பின் நம்பர் எதற்கு?

பெங்களூரில் எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். பகலில் தையல் வேலை. மாலையில் படிப்பு.

அவரிடம் பழைய தையல் மிஷின் ஒன்று இருந்தது. அதை விற்க நினைத்தார். மகள் அதைப் படம் எடுத்தாள். பழைய பொருள்களை விற்கும் ஆப் ஒன்றில் போட்டாள். விலை 4,500 ரூபாய்.

சிறிது நேரத்தில் மகளின் போன் அடித்தது. அக்கா பேசினார்.

“அக்கா, மிஷின் எனக்கு வேணும். நான் ராணுவத்தில் இருக்கேன். நேரில் வர முடியாது. பணத்தை இப்பவே அனுப்புறேன். நாளைக்கு வண்டி வந்து எடுத்துக்கும்.”

அந்த ஆள் பேரம் பேசவில்லை. மிஷினைப் பார்க்கவும் இல்லை. முதலில் 1 ரூபாய் அனுப்பினான். அது வந்தது. அக்கா நம்பிவிட்டார்.

பிறகு மகளின் போனுக்கு ஒரு படம் வந்தது. கடைகளில் ஒட்டியிருப்பார்களே, அதே க்யூ.ஆர். கோடு.

“இதை உங்க போனில் ஸ்கேன் பண்ணுங்க. பின் நம்பர் போடுங்க. பணம் வந்திடும். சீக்கிரம் அக்கா!”

அக்கா பின் நம்பர் போட்டார். பணம் வரவில்லை. அவர் கணக்கில் இருந்த 4,500 ரூபாய் போய்விட்டது.

“தப்பு நடந்திடுச்சு அக்கா. வேற கோடு அனுப்புறேன். 9,000 ரூபாயா வந்திடும்.”

இந்தத் தடவை அக்கா அவசரப்படவில்லை. திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். செ... லுத்... து. செலுத்து!

“எனக்குத்தானே பணம் வரணும்? நான் ஏன் செலுத்தணும்?” என்று கேட்டார்.

போன் துண்டிக்கப்பட்டது.

உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொன்னோம். போன பணம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் 9,000 ரூபாய் தப்பியது. “முதல் தடவையே படிச்சிருக்கணும்” என்றார் அக்கா.

சிந்திப்போம்

உண்டியலில் யாரும் காசு போடலாம். அதற்குச் சாவி வேண்டாம். காசை எடுக்கத்தான் சாவி வேண்டும். நம் வங்கிக் கணக்கும் உண்டியல் போலத்தான். பின் நம்பர்தான் அதன் சாவி. பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம். ஸ்கேன் செய்யவும் வேண்டாம்.

நினைவில் வைப்போம்

1. பின் நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது. ஓ.டி.பி. எண்ணையும் சொல்லக் கூடாது.
2. “பணம் வந்தது” என்று குறுஞ்செய்தி வரும். அது பொய்யாகவும் இருக்கலாம். கணக்கில் இருப்பைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.
3. வாங்கும்போது பொருளை நேரில் பாருங்கள். பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.
4. பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.
5. “சீக்கிரம்” என்று யாராவது அவசரப்படுத்தினால் நிறுத்துங்கள். திரையைப் படியுங்கள்.
6. ஏமாந்தால் வெட்கப்பட வேண்டாம். உடனே 1930-க்குப் பேசுங்கள். இந்தியா முழுவதும் இதே எண்தான். சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வழி உண்டு.

பதில் எழுதுங்கள்

1. அந்த ஆள் ஏன் முதலில் 1 ரூபாய் அனுப்பினான்?
2. அக்கா படித்த சொல் எது?
3. பண மோசடிப் புகாருக்கு அழைக்க வேண்டிய எண் ________.